பதினேழாம் நம்பர் எலி

அந்த அறைக்குள் வரும் எதுவும் திரும்ப வெளியே போகாது. தட்டு, புத்தகம், மகள் வரைந்த படம் எல்லாம் என்னோடு அடைபட்டுக் கிடந்தன. ஜன்னல் கண்ணாடி திறக்காது. கதவின் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. முப்பத்தொரு நாட்களாக அதுதான் என் உலகம்.

நாலு மணிக்கு என் கணவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து இன்டர்காமை எடுப்பார்.

"எலிராணி எப்படி இருக்காங்க?"

"கூண்டுல போட்டு நேரத்துக்குத் தீனி வைக்கிறாங்க. குறை ஒண்ணுமில்ல."

இருவருக்கும் ஒரே ஆய்வகம். அவர் எலிகளின் ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயமேற்றிப் படமெடுப்பார். நான் வெள்ளணுக்களை வகை பிரித்து எண்ணுவேன். காசநோய்க் கிருமி நுரையீரலோடு நிற்பதில்லை. எலும்பு மஜ்ஜை வரை போய், அங்கே பிறக்கும் எதிர்ப்பு அணுக்களை வளரும்போதே கெடுத்துவிடுகிறது. போருக்குப் போகும் முன்பே சோர்ந்துபோன சிப்பாய்கள். அதைத்தான் எலிகளிடம் தேடிக்கொண்டிருந்தோம். கிருமி என்னையே தேடி வந்துவிட்டது.

சும்மா படுத்திருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று படங்களை அச்செடுத்து அனுப்பச் சொன்னேன். எண்ணியதை இன்டர்காமில் படிப்பேன், அவர் எழுதிக்கொள்வார். எண்ணுகிறவருக்கு எது நோயுள்ள எலி என்று தெரியக் கூடாது. அதனால் எந்தக் கண்ணாடித் துண்டிலும் பெயர் எழுத மாட்டோம், நம்பர்தான்.

"சளி ரிப்போர்ட் வந்துடுச்சா?" என்று கேட்டேன். அதில் கிருமி இல்லையென்றால் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு.

"இன்னும் வரலம்மா. நீ எண்ணு."

மூன்று நாட்களாக இதே பதில்.

பதினாறு வரை படித்தேன். பதினேழாவது படத்தில் கண் நின்றுவிட்டது. எலியின் ஒருவகை வெள்ளணுவில் நடுவே இருக்கும் உட்கரு, மோதிரம் போல வளைந்திருக்கும். இதில் மனித ரத்தத்தில் இருப்பதுபோல, நூலில் விழுந்த முடிச்சுகளாகத் துண்டு துண்டாக இருந்தது. நூறு அணுக்களையும் எண்ணி முடித்தேன். குறைய வேண்டியது கூடியிருந்தது, கூட வேண்டியது குறைந்திருந்தது.

"ஏங்க, பதினேழாம் நம்பர் எலிக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"என்ன உளர்ற?"

"ஆறு வயசுல பொண்ணு இருக்கா அதுக்கு?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. இன்டர்காமை மறு கைக்கு மாற்றினார்.

"ஆஸ்பத்திரி லேப்ல கெஞ்சி உன் ரத்தத்துல ஒரு துளி வாங்கினேன்" என்றார். "நானே பார்க்கணும்னு தோணுச்சு. பழக்கதோஷம், கை தானா நம்பர் போட்டுடுச்சு. எலிப் படக் கட்டோட சேர்ந்து உன்கிட்ட வந்துடுச்சு."

"ரிப்போர்ட்?"

"திங்கட்கிழமையே வந்துடுச்சு. கிருமி அப்படியே இருக்கு. ரெண்டு மருந்து கேக்கலயாம். வேற மருந்து ஆரம்பிக்கணும்."

"எத்தன நாள்?"

"நாள் இல்ல. மாசக்கணக்குல ஆகும்."

நாலு சுவரும் ஆளுக்கொரு அடி முன்னால் வந்தது போலிருந்தது. கத்தலாம் என்றால் மூச்சு இருமலாக மாறியது. அவர் உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்து நின்றார். என் கையை எதிரே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

"உன் மனசு உடஞ்சிடுமேன்னுதான்..."

"என்னை எனக்குத் தெரியாம வச்சு எண்ணாதீங்க. நான் எலி இல்ல."

அவர் தலையாட்டினார். வழிந்த கண்ணீரைத் துடைக்கக்கூட இல்லை.

"பாப்பாகிட்ட வெள்ளிக்கிழமை வருவேன்னு சொல்லிட்டீங்களா?"

"காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்கா."

"இன்னிக்கே சொல்லிடுங்க. அவகிட்டயும் மறைக்காதீங்க."

"எப்படிச் சொல்றது?"

"இப்ப என்கிட்ட சொன்ன மாதிரியே."

நர்ஸ் நேரமாகிவிட்டது என்று அவர் தோளைத் தொட்டாள். அப்போதுதான் என் கையைக் கண்ணாடியில் வைத்தேன். குளிர்ந்திருந்தது.

"அடுத்த மாசமும் ஒரு துளி வாங்கிட்டு வாங்க. நம்பர் வேணாம், அதுல என் பேர எழுதுங்க."

அவர் போன பிறகு பதினேழை ஜன்னலில் சாய்த்து வைத்துவிட்டு, பதினெட்டை எடுத்தேன்.