ஆள் இல்லாத கலன்

காலை எட்டு மணிக்கு மீனவர் சங்கத்தின் கதவு திறந்தபோது தவராசாவின் நீலக் கலன் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றது. தவராசா இல்லை.

விடியுமுன் கலனை வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்க வீட்டுக்கு வந்திருந்தார். அந்த நேரம் பார்த்து ஆமிக்காரர் வீடு இருந்த ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். அவரையும் மற்ற ஆண்களையும் விளையாட்டுத் திடலுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வாகனத்துக்குள் முகம் மூடிய ஒருவன் இருப்பான். அவன் தலையாட்டினால் அந்த ஆள் வீடு திரும்புவதில்லை. தவராசாவின் மனைவி புஷ்பவதி திடலின் வாசல்வரை போனாள். துவக்கைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். வீட்டில் இருக்க முடியவில்லை. இங்கே வந்து கலனுக்குப் பக்கத்தில் நின்றாள்.

வரிசை நகர்ந்தது. பின்னால் நின்ற உம்மு குல்சும் தன் கலனைத் தள்ளும்போதெல்லாம் நீலக் கலனையும் காலால் முன்னே தள்ளினாள். விடியற்காலை நடந்தது ஊருக்கே தெரிந்திருந்தது. புஷ்பவதி கலனைத் தொடவில்லை. தொட்டால் அவருடைய இடத்தைத் தான் எடுத்துக்கொண்டதுபோல் ஆகிவிடும்.

ஆள் இல்லாத கலனுக்கு எண்ணெய் இல்லை. சங்கத்தின் விதி அது. வியாபாரிகள் வெறுங்கலன்களை வரிசையில் அடுக்கிய காலத்தில் பொதுக்கூட்டத்தில் அதைக் கொண்டுவந்தவர் தவராசாதான். மனைவி வந்தாலும் கொடுக்கக் கூடாது, அங்கத்தவர் நேரே வரவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். எல்லோரும் கை தூக்கினார்கள்.

நீலக் கலன் பீப்பாயடிக்கு வந்தது. செயலாளர் ஜமால்தீன் அளவுச் சாடியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"தங்கச்சி, எனக்கு ஊத்த ஏலா. ஒங்கட மனிசன் போட்ட சட்டம்."

"ஊத்த வேண்டாம், ஜமால்தீன் நானா. ஒதுக்கி மட்டும் வைக்காதேங்கோ."

ஜமால்தீன் சாடிக்குள் பார்த்தார்.

"சட்டம் போட்டது நாங்கதானே," என்றாள் உம்மு குல்சும். "இப்பவே கூட்டத்தக் கூட்டுங்க."

"இந்த வெயிலுக்குள்ளயோ?" பின்னாலிருந்து அருளம்பலம் கேட்டார்.

"போன கூட்டத்தில காத்தாடிக்குக் கீழ நித்திரை கொண்ட ஆள்தானே நீங்க. இண்டைக்காவது முழிச்சிருந்து கை தூக்குங்க."

யாரோ சிரித்தார்கள். ஜமால்தீன் சாடியைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமினார். கூட்டங்களில் பேசும் குரல் வந்தது.

"தீர்மானம். தவராசா வரும்வரைக்கும் அவருடைய கலன் இடத்தை விட்டு எடுக்கப்பட மாட்டாது. எண்ணெயும் ஊற்றப்படும். ஆதரவானவங்க கை தூக்குங்க."

வரிசை முழுதும் கைகள் எழுந்தன. அருளம்பலத்தின் கை முதலில் எழுந்தது. புஷ்பவதி அங்கத்தவர் அல்ல. அவள் கைகளைச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.

தெருமுனையில் தவராசா வந்தார். ஒரு காலில் செருப்பில்லை. உடுத்திருந்த சாரமெல்லாம் மணல். வேகமாக வந்தவர், சனம் முழுதும் கை தூக்கி நிற்பதைக் கண்டு அப்படியே நின்றார். இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். ஆமிக்காரர் எங்கே நிற்கிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. மெல்ல இரண்டு கைகளையும் தூக்கினார்.

புஷ்பவதி நீலக் கலன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

கையை இறக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஜமால்தீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தெருமுனையைப் பார்த்தார்.

"தவராசா, ரெண்டு கையையும் தூக்கினா நான் என்னண்டு எழுதுற? நீங்க ஆதரவோ, எதிரோ?"