எழுந்து நிற்காத ராஜா

பூண்டுலோயாத் தேயிலைத் தோட்டங்களின் கலைவிழாவில் போன வருஷம் ராஜாவாக நடித்த அழகுமுத்து, வெள்ளைக்காரத் துரை கொட்டகைக்குள் நுழைந்ததும் சிம்மாசனத்தை விட்டு எழுந்து, கிரீடத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். இருபது வருஷமாக, வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் வரிசையாய் நின்று, துரையைக் கண்டதும் தலைப்பாகையைக் கழற்றிய பழக்கம். பரிசுக் கோப்பை பக்கத்துத் தோட்டத்துக்குப் போனது.

"இந்த வருஷமும் எந்திரிச்சீங்கன்னா, அடுத்த வருஷம் நீங்க குதிரைக்குப் பின்னங்காலுதான், மாமா" என்றான் மந்திரி வேஷம் கட்டிய செல்லசாமி.

"அப்ப என்னையக் கட்டிப் போட்ருங்கடா!"

கட்டிப் போட்டார்கள். கிரீடத்தைத் தாடையோடும் இடுப்பை நாற்காலியோடும் கொழுந்துக் கூடைக் கயிற்றால் இறுக்கி, மேலே சால்வையைப் போர்த்தினார்கள்.

போர்க்காட்சி முடியும் நேரத்தில் துரை வந்தார். அழகுமுத்துவின் முழங்கால்கள் எழப் பார்த்தன, கயிறு விடவில்லை. ஆனால் மந்திரி செல்லசாமி தலைப்பாகையைக் கழற்றிவிட்டு நின்றான். சேனாதிபதி நின்றார். செத்துக் கிடந்த எதிரிப்படையும் எழுந்து நின்றது. ராஜா மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"ராஜான்னா இவருதான்யா!" என்று கூட்டம் கைதட்டியது.

கோப்பை ராஜாவுக்கே என்றார்கள் நடுவர்கள். அதைக் கொடுக்க மேடையேறிய துரை, ராஜா எழுந்து வருவார் என்று சற்று நேரம் காத்திருந்தார். பிறகு சிம்மாசனத்தருகே போய், குனிந்து கொடுத்தார்.

கிரீடத்தைக் கழற்ற முடியாத அழகுமுத்து, மரியாதைக்குக் கோப்பையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.