ஊர்சுற்றிக்கு ஒரு செய்தி

"கறுப்புப் பெட்டி இல்லீங்க! நீலப் பை! பேட்மிண்டன் பை!"

ரயிலில் குழலைத் தொலைத்த புல்லாங்குழல்காரி போனில் அலறியது எதிர் மேசையில் இருந்த கொழுந்தனுக்கே கேட்டது. அண்ணி போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தாள்.

ரயிலில் தொலைந்த பொருட்களைத் தேடித் தரும் அலுவலகம் அது. தேடுவது, அண்ணியும் கொழுந்தனும் சேர்ந்து எழுதிய மென்பொருள். ஊர்சுற்றி என்று பெயர். ஓரிடத்தில் உட்காராது, நூற்றுப் பன்னிரண்டு ஸ்டேஷன் கம்ப்யூட்டர்களுக்கும் தானே ஒவ்வொன்றாகப் போய், அங்குள்ள பட்டியலைப் படித்துவிட்டு அடுத்ததற்குத் தாவும். ஸ்டேஷனுக்கு இரண்டு நிமிடம். முழுச் சுற்றுக்கு நாலு மணி நேரம்.

கறுப்புப் பெட்டியைத் தேடிப் பகல் பன்னிரண்டுக்கே அது கிளம்பிவிட்டது. ஆறு மணிக்குப் புல்லாங்குழல்காரியின் முதல் தனிக் கச்சேரி. நேற்று பெட்டியின் கொக்கி உடைந்ததால் குழலைக் கணவரின் பேட்மிண்டன் பையில் வைத்தது இப்போதுதான் அவளுக்கு நினைவு வந்திருக்கிறது.

"வந்ததும் மறுபடி அனுப்பலாமா அண்ணி?"

"வரவே நாலு மணி ஆகும். இன்னொரு சுத்து முடிய எட்டு. அதுக்குள்ள நாற்காலியெல்லாம் அடுக்கிட்டுப் போயிருப்பாங்க. நடுவழியிலயே சொல்லணும்."

சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் 'அடுத்து இங்கே போகிறேன்' என்று குறிப்பு வைத்துவிட்டுத்தான் ஊர்சுற்றி நகரும். செய்தி அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டே ஓடியது. ஆனால் செய்தி எங்கும் வரிசையில் நிற்க வேண்டும். ஊர்சுற்றிக்கு வரிசையே கிடையாது. ஐந்தாவதுக்குச் செய்தி வந்தால் ஊர்சுற்றி ஆறில். ஆறுக்கு வந்தால் ஏழில்.

"சொந்தக்காரனுக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போன கதைதான். எப்பப் போனாலும் வீடு பூட்டு" என்றான் கொழுந்தன்.

"துரத்த வேண்டாம்டா. எல்லா ஸ்டேஷனுக்கும் ஒரு காப்பி அனுப்பு. அவன் அங்க இருந்தா கையில கொடுக்கட்டும். இல்லேன்னா வரும்வரைக்கும் வச்சிருக்கட்டும்."

அனுப்பினான். பதினெட்டாவது ஸ்டேஷனிலிருந்து 'செய்தி கிடைத்தது' என்று ஊர்சுற்றியின் பதில் வந்தது. அண்ணி மேசையைத் தட்டினாள். 'நீலப் பை, முதலிலிருந்து தேடு' என்ற உத்தரவுப்படி ஊர்சுற்றி முதல் ஸ்டேஷனுக்கு ஓடினான். அங்கே முடித்து இரண்டாவதுக்குப் போனான்.

உடனே மறுபடி முதலாவதுக்கு!

"ஐயோ!" அண்ணி தலையில் கை வைத்தாள். இரண்டாவதில் காத்திருந்த காப்பியும் அதையேதான் சொல்லியிருந்தது: முதலிலிருந்து தேடு. மூன்றாவதிலும் ஒன்று காத்திருக்கிறது. நூற்றுப் பன்னிரண்டிலும்.

"ஊர்சுற்றின்னு பேர் வச்சோம், செக்குமாடா ஆயிட்டான்."

"சிரிக்காதே! அந்தப் பொண்ணு மேடையில வெறுங்கையோட நிக்கப்போகுது."

கொழுந்தன் சிரிப்பை நிறுத்தினான். "அண்ணி, செய்தி கிடைச்சிடுச்சுன்னு அவன் சொன்னதை நாம மட்டும் ஏன் வச்சுக்கணும்? எல்லா ஸ்டேஷனுக்கும் சொல்லுவோம். மிச்சக் காப்பியைக் கிழிச்சுப் போட்டுடட்டும்."

அண்ணி அவனை ஒரு நொடி பார்த்தாள். "உங்க அண்ணனுக்கு இந்த மூளையில பாதி இருந்திருக்கலாம்" என்றபடி விசைப்பலகையை இழுத்தாள்.

ஊர்சுற்றி இரண்டைத் தாண்டினான். மூன்று. நான்கு. இரண்டே காலுக்கு முப்பத்தெட்டாவது ஸ்டேஷனில் நின்றான்: 'நீலப் பை, ஒன்று.'

தகவல் கேட்டு ஓடிய புல்லாங்குழல்காரி மூன்றரைக்கு அங்கே போய்ச் சேர்ந்ததும், அந்த ஸ்டேஷன் குமாஸ்தா போன் செய்தார். "பையில மட்டை இருக்கு, ஒத்தைச் சாக்ஸ் இருக்கு, குழலும் இருக்கு. இவங்களோடதுதான்னு எப்படிங்க நம்புறது?"

"வாசிக்கச் சொல்லுங்க சார்" என்றாள் அண்ணி, போனை ஸ்பீக்கரில் போட்டபடி.

கொஞ்ச நேரம் ரயில் இரைச்சல்தான் கேட்டது. பிறகு குழல். அலுவலகத்தில் தட்டச்சுச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. குமாஸ்தா போனை வைக்கவே மறந்துவிட்டார்.

வாசித்து முடித்ததும் புல்லாங்குழல்காரி போனைப் பிடுங்கினாள். "கிடைச்சிடுச்சு! அக்கா, கிடைச்சிடுச்சு! கிடைச்சிடுச்சு!"

"ஒரே செய்தி மூணு தடவை வருது அண்ணி. மிச்ச ரெண்டையும் கிழிச்சிடவா?"

"கை வச்சுப் பாரு!" என்றாள் அண்ணி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.