மார்க் போடாத சோடா

பொடியைப் போட்டதும் சோடா பொங்கிவிட்டது. கிமியே கரண்டியை வெளியே எடுப்பதற்குள் நுரை கோப்பையைத் தாண்டித் தட்டில் வழிந்து, அங்கிருந்து சமையல் மேடைக்கு இறங்கி, அவள் காலுறை வரைக்கும் வந்துவிட்டது. காலையிலிருந்து இது இரண்டாவது தடவை. கோப்பையின் அடியில் பொடி கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டு கிடந்தது. "நாசமாப் போக" என்று முனகிக்கொண்டே அவள் துணியை எடுத்தாள்.

தொண்டை சரியாக வேலை செய்யாதவர்கள் குடிப்பதைக் கெட்டியாக்கும் பொடி அது. தண்ணீர், தேநீர், சூப் எதுவானாலும் அதைக் கலந்து கூழாக்கித்தான் கொடுக்க வேண்டும். நீர்க்கக் கொடுத்தால் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போய்விடும். ஆஸ்பத்திரியில் தேநீருக்கு எவ்வளவு, சூப்புக்கு எவ்வளவு என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். சோடாவுக்கு எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை. சாகக் கிடக்கிற மனுஷன் சோடா கேட்பான் என்று அவர்கள் என்ன கனவா கண்டார்கள்?

மிச்சமிருந்ததை அவள் வேறு கோப்பையில் ஊற்றி, குமிழி எல்லாம் அடங்கும் வரைக்கும் கரண்டியால் அடித்தாள். பிறகு பொடியைப் போட்டாள். இப்போது பொங்கவில்லை. அவள் புருஷன் ஷிகெரு பார்த்திருந்தால் கரண்டியைப் பிடுங்கியிருப்பார். சோடாவைக் கலக்குகிறவர்களை அவர் மனுஷர்களாகவே மதித்ததில்லை.

ஷிகெரு படகுத்துறையில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர். லீவு நாளென்றால் போதும், எந்தத் தீவில், எந்த மலையடிவாரத்தில் யார் புதிதாக ஒரு சோடா போட்டிருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டு கிளம்பிவிடுவார். சாயங்காலம் பை கிணுகிணுக்க வீடு திரும்புவார். கோலி சோடா, பேரிக்காய்ச் சோடா, செர்ரி இலைச் சோடா, காரம் மூக்கில் ஏறும் வசாபிச் சோடா, ஒரு தடவை கடல் சிப்பிச் சோடாகூட. குடித்துப் பார்த்து, இணையத்தில் தனக்கென்று வைத்திருந்த பக்கத்தில் எழுதி, பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார். மூடி திறக்கும் சத்தத்துக்குத் தனி மார்க், குமிழி நாக்கில் குத்துவதற்குத் தனி மார்க், தொண்டையில் இறங்குவதற்குத் தனி மார்க். ஏப்பத்தில் திரும்பி வருகிற வாசனைக்கும் மார்க் உண்டு. அதற்காகவே குடித்துவிட்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார், அந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது. பத்துக்குப் பத்து எவனுக்கும் கொடுத்ததில்லை.

பாட்டிலில் பாதியை அவர் குடிப்பார். கீழே ஊற்ற மனம் வராது என்பதால் மீதிப் பாதி கிமியே தலையில். சோயாச் சோடாவும் சிப்பிச் சோடாவும் போன அதே வயிறுதான் இது. எனக்கு எத்தனை மார்க் என்று அவள் ஒருநாள் கேட்டதற்கு, அவர் உண்மையாகவே யோசித்துவிட்டு, உனக்கு கேஸ் கொஞ்சம் ஜாஸ்தி என்றார்.

இப்போது வந்திருப்பது எலுமிச்சைச் சோடா. எதிர்த் தீவில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் பச்சைக் காயைத் தோலோடு பிழிந்து, குளிர்காலத்தில் மட்டும் கொஞ்சமாகப் போடுவது. வந்த வேகத்தில் விற்றுத் தீர்ந்துவிடும். போன வருஷமும் அதற்கு முந்தைய வருஷமும் ஷிகெருவுக்குக் கிடைக்கவில்லை. இந்தத் தடவை கோடையிலேயே சொல்லி வைத்திருந்தார். இலையுதிர் காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கமும் தொண்டையும் போயிற்று. பிறகு நிமோனியா. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் இருக்கட்டும் என்று டாக்டர் அனுப்பிவைத்த அதே வாரம் பார்சல் வந்து சேர்ந்தது. உள்ளே இரண்டு பாட்டில். அதில் ஒன்றுதான் பொங்கிப் பாழானது.

கூழைக் கரண்டியில் எடுத்து அவள் அவர் வாயில் வைத்தாள். ஷிகெரு கண்ணை மூடினார். தொண்டை மணி ஒரு தடவை ஏறப் பார்த்துத் தயங்கியது, பிறகு ஏறி இறங்கியது. இருமல் வருகிறதா என்று பார்த்தபடி அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வரவில்லை.

"எப்படி இருக்கு? எழுதிக்கவா?" என்று போனை எடுத்தாள். அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதுவது என்று ஏற்பாடு.

"பசை" என்றார் ஷிகெரு. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதில் வார்த்தைகள் குழைந்துதான் வந்தன, ஆனால் அவளுக்குப் புரியும். "தபால்தலை ஒட்டலாம்."

"மார்க்?"

"செத்த சோடாவுக்கு மார்க் கிடையாது."

அவள் வாயைத் துடைத்துவிட்டாள். நாக்கு அவருக்கு நன்றாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை. உப்பு குறைந்தால் சொல்கிறார், சூப்பு நேற்றையது என்றால் சொல்கிறார். தொண்டைதான் துரோகம் செய்துவிட்டது. கட்டில் கம்பியைப் பிடித்திருந்த இடது கையால் அவர் அவள் சட்டைக் கையை இழுத்தார்.

"இன்னொரு பாட்டில் இருக்கு. அப்படியே குடு. ஒரு வாய்."

"நர்ஸ் என்ன சொன்னான்னு தெரியுமில்ல உங்களுக்கு?"

"எப்படியும் போகத்தானே போறேன், கிமி."

"நீங்க போறது வேற" என்றாள் அவள். "நான் அனுப்புறது வேற."

அவர் கையை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெளியே காலைப் படகு துறையை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தது. கிமியே கோப்பையையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டாள். அவளுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஆஸ்பத்திரியிலும் வீட்டிலுமாக ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து, குழாயால் சளி உறிஞ்சி, புரட்டிப் போட்டு, துணி மாற்றி, அவள் நன்றாகத் தூங்கி மாசக்கணக்காகிவிட்டது. கேட்கிற மனுஷன் கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். கொடுத்தால் கொன்றவள், கொடுக்காவிட்டால் கல்நெஞ்சக்காரி. இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்றால் அவள் எதைத்தான் எடுப்பாள்?

ஆஸ்பத்திரியில் ஒரு வாய்த் தேநீருக்கு அவர் நீலம் பாரித்துப் போனதை அவள் பக்கத்திலிருந்து பார்த்தவள். குழாயை உள்ளே விட்டு அவர்கள் உறிஞ்சும்போது அவருடைய கால் கட்டிலை உதைத்த சத்தம் இன்னும் அவள் காதைவிட்டுப் போகவில்லை.

பக்கத்து அறையில் ஷிகெருவின் அக்கா ஹட்சுகோ அடியில் சூடு வைத்துப் போர்வை போர்த்திய குட்டை மேசைக்குள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தம்பியின் கடைசி நாட்களில் கூட இருக்க வேண்டுமென்று குரே நகரத்திலிருந்து வந்தவள். சமையலில் கை கொடுப்பாள், கூடவே வாயும் கொடுப்பாள். சர்க்கரைத் தண்ணியைக் குடித்துக் குடித்துத்தான் அவன் ரத்தக்குழாய் கெட்டது, நீ ஆரம்பத்திலேயே தடுத்திருக்க வேண்டும் என்பது அவள் கட்சி. அவளுடைய தம்பியை யாராவது எதிலிருந்தாவது தடுத்ததுண்டா என்று கிமியே திருப்பிக் கேட்கவில்லை. கேட்கத் தெம்பில்லை.

மதியம் நர்ஸ் இமாதா வந்தாள். நாடி பார்த்தாள், பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள், முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் ஷிகெருவோடு படகைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினாள். அவர் கண்ணைத் திறக்கவில்லை. கிளம்பும்போது வாசல்வரை வந்த கிமியேயிடம், கால் சில்லிட ஆரம்பித்துவிட்டது, இன்றைக்கோ நாளைக்கோ என்று தாழ்ந்த குரலில் சொன்னாள்.

கிமியே சோடாவைப் பற்றிக் கேட்டாள். கேட்கும்போதே அவளுக்கு வெட்கமாக இருந்தது. புருஷன் உயிர் போகிற வேளையில் கேட்கிற கேள்வியா இது?

இமாதா குனிந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். மாட்டி முடித்த பிறகும் நிமிரவில்லை.

"குடுங்கன்னு என்னால சொல்ல முடியாதும்மா" என்றாள். கதவைத் திறந்து வெளியே போய், குடையை எடுத்துக்கொண்டு, மறுபடி திரும்பினாள். "குடுக்காதீங்கன்னு இன்னிக்கு நான் சொல்லவும் இல்ல."

ஹட்சுகோவுக்குக் காது கூர்மை. கிமியே உள்ளே வந்ததும், அந்தப் பெண் சொல்லிவிட்டுப் போய்விடுவாள் என்று ஆரம்பித்தாள். ஆனால் அவள் குரலில் வழக்கமான குத்தல் இல்லை. "அவன் புரையேறிப் போயிட்டான்னு வை, ஆயுசு முழுக்க நீதான் அதைத் தூக்கிச் சுமக்கணும். நான் ஊருக்குப் போயிருவேன். யோசிச்சுக்க."

கிமியே யோசித்தாள் என்று சொல்ல முடியாது. மழைக்கு முன் துணிகளை எடுத்தாள். மடித்தாள். அரிசியைக் கழுவி ஊறவைத்தாள், யார் சாப்பிடப் போகிறார்கள் என்று தெரியாமலே. கை வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, உள்ளே ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது: இந்த மனுஷன் தன்னிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவர். தேநீர்கூட இருந்தால் குடிப்பார், இல்லாவிட்டால் எழுந்துபோய்ப் போட்டுக்கொள்வார். ஒரு வாழ்க்கை முழுக்க அவர் வாய்விட்டுக் கேட்டது இந்த ஒரு வாய்தான். சுமந்துவிட்டுப் போகிறேன், வேறென்ன வேலை எனக்கு என்று அவளுக்குத் தோன்றியபோது, கையில் ஈர அரிசி ஒட்டியிருந்தது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு அவருடைய சின்னக் கண்ணாடி டம்ளரை எடுத்தாள். விளிம்பு மெல்லியதாக இருக்கிற அதைத் தவிர வேறெதிலும் அவர் குடித்து மார்க் போட மாட்டார். குளிர்ந்த தண்ணீரில் அலசி, துடைக்காமல் வைத்தாள், துணி வாடை ஒட்டிவிடும் என்பார். பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்தாள். நல்ல சத்தம்தான். ஒரு வாய் அளவுக்கு ஊற்றி, பாட்டில் வாயை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் இறுக்கி மூடி, ரப்பர் பேண்டு போட்டு மறுபடி பிரிஜ்ஜுக்குள் வைத்தாள். இதெல்லாம் அவர் பழக்கிய பழக்கம், கை தானாகவே செய்தது.

அறைக்குள் போனால் ஷிகெருவின் மூச்சு மாறியிருந்தது. தாடை மட்டும் மேலும் கீழும் அசைந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில் நீண்ட இடைவெளி.

"என்னங்க" என்றாள் கிமியே. "கொண்டுவந்துட்டேன். கண்ணைத் திறங்க. அப்படியே கொண்டுவந்திருக்கேன், பொடி போடல."

டம்ளரை உதட்டருகில் கொண்டுபோனாள். சாய்க்க முடியவில்லை. விழுங்காத வாயில் எப்படி ஊற்றுவது? ஹட்சுகோ ஓடி வந்து தம்பியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு மூச்சு வந்தது, அதற்குப் பிறகு இன்னொன்று. அடுத்ததற்காக இரண்டு பேரும் காத்திருந்தார்கள். அது வரவில்லை என்று முதலில் புரிந்தவள் ஹட்சுகோ, அவள்தான் பாதத்தைப் போர்வைக்குள் வைத்து மூடினாள். கிமியேயின் கையிலிருந்த டம்ளரில் சோடா இன்னும் சீறிக்கொண்டிருந்தது.

டாக்டர் வந்து கண்ணில் விளக்கடித்துப் பார்த்து, நேரத்தைச் சொல்லித் தலை வணங்கிவிட்டுப் போனார். இமாதா மறுபடி வந்தாள். உடம்பைத் துடைத்து, முகச்சவரம் செய்து, ஒரு பக்கமாக இழுத்திருந்த வாயைக் கன்னத்தில் துணி வைத்து நேராக்கினாள். ஷிகெரு பழையபடி டிக்கெட் ஜன்னலுக்குள் உட்கார்ந்திருக்கிறவர் மாதிரியே ஆகிவிட்டார். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு கிமியே ஒரு மூலையில் நின்றாள். அழ வேண்டும் என்று தெரிந்தது. வரவில்லை. உட்கார்ந்தால் தூங்கிவிடுவோமோ என்றுதான் பயமாக இருந்தது.

கடைசித் தண்ணீர் வைத்துவிடலாமா என்று இமாதா கேட்டாள். குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி நூலால் கட்டி அவளே தயாராக வைத்திருந்தாள். செத்தவர் தாகத்தோடு போகக் கூடாது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக அந்தப் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டில் ஒற்ற வேண்டும், பெண்டாட்டிதான் முதலில்.

கிமியே சமையலறைக்குப் போய்க் கிண்ணத்தோடு வந்தாள். தலைமாட்டில் வைத்தாள். அறையில் யாரும் பேசாமல் இருந்ததால் அது எல்லோருக்கும் கேட்டது, சன்னமாக, மழைத் தூறல் மாதிரி.

"என்ன சத்தம் அது?" என்றாள் ஹட்சுகோ. கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தாள். "கிமியே. தண்ணிதான் வெக்கணும்."

"தெரியும் அண்ணி."

"இப்பவுமா?"

"இனிமே புரையேறாதில்ல" என்றாள் கிமியே.

இமாதா தலையைக் குனிந்துகொண்டாள். கிமியே பஞ்சை நனைத்து அவர் மேலுதட்டில் ஒற்றினாள், பிறகு கீழுதட்டில். வறண்டு வெடித்திருந்த தோலில் குமிழிகள் சின்னச் சின்னதாக நின்று உடைந்தன. ஒரு தடவை ஒற்றுவதுதான் முறை. அவள் மறுபடியும் நனைத்தாள். மறுபடியும். உதட்டோரத்தில் வழிந்து தலையணை நனைந்தது. போதும் என்று ஹட்சுகோ சொல்வாள் என்று எதிர்பார்த்தாள். ஹட்சுகோவோ கையை நீட்டிக் குச்சியை வாங்கி, தானும் அதே கிண்ணத்தில் நனைத்து, தம்பியின் உதட்டில் வைத்தாள். ஒற்றும்போது, சின்ன வயதில் இவனுக்குக் கோலி சோடாவை நான்தான் குத்திக் கொடுப்பேன், இவன் விரலுக்கு பலம் போதாது என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்.

சடங்கு முடிந்தபின் கிமியே கிண்ணத்தைக் கழுவப் போனாள். பாட்டிலில் பாதி இருந்தது. கழுவுதொட்டியில் சாய்க்கப் போனவள் சாய்க்கவில்லை. காலையிலிருந்து அவளும் ஒரு சொட்டுத் தண்ணீர் குடித்திருக்கவில்லை. டம்ளர் தேடாமல், நின்றபடி, பாட்டிலை அப்படியே வாயில் வைத்துச் சாய்த்தாள். நல்ல குளிர்ச்சி. புளிப்பு, அதற்குப் பின்னால் தோலின் கசப்பு, நாக்கு முழுக்க ஊசி ஊசியாகக் குத்தியது. அடடா என்று நினைத்து அவசரமாக இன்னொரு மடக்கு விழுங்கினாள். அது தப்பான வழியில் போய்விட்டது.

இருமல் வயிற்றிலிருந்து கிளம்பியது. மேடையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். மூக்கு எரிந்தது, கண்ணில் நீர் கொட்டியது, மூச்சை இழுக்க இழுக்க மறுபடி இருமல்தான் வந்தது. சத்தம் கேட்டு ஹட்சுகோ வந்தாள். பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் பின்னால் வந்து நின்று அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"அழு" என்றாள். "எவ்வளவு நாளா அடக்கி வெச்சிருந்தே. அழுதுடு."

அழவில்லை அண்ணி, புரையேறிவிட்டது என்று சொல்ல வாயைத் திறந்தாள் கிமியே. பேச்சு வரவில்லை. ஹட்சுகோவின் கை மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. இருமல் நின்ற பிறகும் கிமியே நிமிரவில்லை.