பானெட்டின் மறுமுனை

"அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் தூக்கும்மா," என்றாள் பாப்பா. தலையில் நரை விழுந்த பிறகும் வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர்.

அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு அப்பாவின் கார் பானெட்டின் ஓரத்தைத் தோளில் தாங்கினாள். அந்தக் காலத்துத் தகடு. ஒரே ஆளால் ஆகிற கனமில்லை. திரும்ப மாட்டும்போது பிசகாமல் உட்கார வேண்டுமே என்று பாப்பா கீல்களைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டிருந்தாள். ஒரு போல்ட் மட்டும் பாக்கி. துருப்பிடித்து அடம்பிடித்தது.

அப்பாவின் கட்டில் வாசலைப் பார்த்த ஜன்னலோரம் கிடந்தது. நுரையீரல் முழுக்கப் பரவிவிட்டது, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்ததிலிருந்து அப்பா கேட்டது ஒன்றுதான். படுக்கையில் விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் என்ஜினுக்குள் ஏதோ தட்டத் தொடங்கியிருந்தது. அது என்னவென்று திறந்து பார்க்க வேண்டும்.

"ஆளே இழுத்துக்கிட்டுக் கெடக்கு, இதுல காருக்கு வைத்தியமா?" என்று காலையில் அம்மா சத்தம் போட்டாள். கல்யாணமான புதிதிலிருந்தே அவள் அந்தக் காரைச் சக்களத்தி என்றுதான் சொல்வாள். ஆனால் பாப்பா ஸ்பேனரோடு வெளியே வந்தபோது, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டாள்.

"துணி போட்டீங்களா?" ஜன்னலிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. பாதி வார்த்தையும் பாதி மூச்சுமாக.

"எதுக்குத் துணி?" என்றாள் அம்மா.

"கண்ணாடிக்குக் கீழ... மூலையில. கீறல் விழுந்துடும்."

"போட்டாச்சுப்பா."

கொஞ்ச நேரம் இழுப்பு மட்டும் கேட்டது. பிறகு, "உங்கம்மா கையப் பாத்துக்க. நசுங்கிடப் போவுது."

"இப்பவாவது ஞாபகம் வந்துச்சே," என்று முணுமுணுத்த அம்மாவின் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது.

போல்ட் பொசுக்கென்று விட்டுக்கொடுத்தது. மொத்தக் கனமும் இருவர் கைகளிலும் இறங்கியது. பாப்பாவின் முதுகு ஜன்னல் பக்கம். அம்மா அவளுக்கு நேர் எதிரே.

"தூக்கும்மா. மெதுவா."

தூக்கினார்கள். அம்மாவின் பார்வை பாப்பாவின் தோளைத் தாண்டிப் போய் அங்கேயே நின்றது. முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே இருந்தது. அதை எடுக்க மறந்துவிட்ட மாதிரி.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. நட."

"அப்பா ஏதாச்சும்..."

"திரும்பாத. கைய விட்டுறாத. நட."

சுவர் வரைக்கும் நடந்தார்கள். அங்கே விரித்திருந்த சாக்கின் மேல் பானெட்டைச் சாய்த்து வைத்தார்கள். அது வழுக்காமல் இருக்க அம்மா சாக்கின் நுனியை உள்ளே தள்ளிவிட்டாள். நிமிர்ந்தாள்.

"போய் அப்பா கண்ண மூடிவிடு, பாப்பா."

அண்ணன் வந்து சேரச் சாயங்காலமாகிவிட்டது. அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எப்பம்மா?" என்று கேட்டான்.

"பானெட்டத் தூக்குறப்ப."

அவன் வாசலைப் பார்த்தான். வாயைத் திறந்துகொண்டு நின்றது கார். "சாகக் கெடக்குற மனுஷன் பக்கத்துல ஒருத்தரும் இல்லையா? ரெண்டு பேரும் காரப் பிரிச்சுக்கிட்டா இருந்தீங்க?"

அம்மாதான் சொன்னாள்: "அவரு எங்களப் பாத்துக்கிட்டேதான்டா இருந்தாரு."

அமரர் ஊர்தி உள்ளே வர வழியில்லாததால், அண்ணனே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, பக்கத்து வீட்டு ஆண்கள் காரைத் தெருவோரம் தள்ளிவிட்டார்கள். அந்தத் தட்டல் எதனால் என்று யாரும் பார்க்கவில்லை.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த மறுநாள் அம்மாவை வீட்டுக்குள் காணவில்லை. பாப்பா தேடிக்கொண்டு வெளியே வந்தாள். காரின் முன் இருக்கையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். பாப்பா சுற்றிப் போய் மறுபக்கம் ஏறிக்கொண்டாள்.

"பானெட்ட மாட்டிடவாம்மா? அண்ணன் ஒரு கை பிடிப்பான்."

அம்மா கண்ணாடி வழியே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இத்தன வருஷம் இதுல உக்காந்து வந்திருக்கேன். எனக்கு முன்னால இந்தப் பானெட்டும் அதுக்கு மேல வானமுந்தான் தெரியும். ரோடு இவ்வளவு கிட்டயா இருந்திருக்கு?"

காற்றில் ஒரு பழுத்த இலை வந்து என்ஜின் மேல் விழுந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். எடுத்துப் போட யாரும் இறங்கவில்லை.