பெட்டியில் இருப்பது யாருடைய விளையாட்டு?

கேம் கண்காட்சி வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தேன். சொந்தமாக கேம் எழுதியவர்கள் அதைக் கையில் வைத்து ஆடும் கேம் பெட்டியோடு கொண்டுவருவார்கள். பெட்டிக்குக் கம்பெனி போட்ட மென்பொருள் பூட்டைத் திறந்தால்தான் சொந்த கேம் ஓடும். அதே வழியில் திருட்டு கேமும் உள்ளே வரும். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது என் வேலை. திருட்டு ஒன்று இருந்தாலும் அந்த ஆளுக்கு இங்கே இனி என்றைக்கும் இடமில்லை. இதில் தாட்சண்யம் பார்க்கமாட்டேன். பிறர் உழைப்பைச் சுருட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வரிசையில் ஏழாவதாக என் அக்கா வந்தாள். தையல்காரி. மெஷின் ஓய்ந்த நேரமெல்லாம் ஒரு வருஷமாக எழுதியதை வீட்டில் யாருக்கும் காட்டவில்லை. அப்படி என்னதான் எழுதினாளோ என்று எனக்கு மண்டை குடைந்தது.

பெட்டியை ஆன் செய்தேன். திரையில் கேமின் முகப்புப் படம் ஒன்றே ஒன்று. கடையில் விற்கிற கார் பந்தய கேமின் சிவப்புக் கார்.

"என்னக்கா இது?"

"என் கேம்டி."

"முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்கிறியா? இந்தக் காரை யாருக்குத் தெரியாது?"

"படம் இல்லாட்டி பெட்டி ஏத்துக்கல. எழுதிப் பாக்கறப்போ கைக்குக் கெடைச்சத ஒட்டினேன். மாத்த மறந்துட்டேன்டி."

அவள் முகம் வெளுத்துவிட்டது. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அக்கா என்று விட்டால் என்னை யார் நம்புவார்கள்? ஆனாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. படத்தின் மேல் அழுத்தினேன்.

காரைக் காணோம். பூப்போட்ட துணி ஒன்று விரிந்தது. அதில் சட்டையின் கை, கழுத்து, முதுகு எல்லாவற்றையும் துணி வீணாகாமல் அடுக்க வேண்டும். பூ தலைகீழாகக் கூடாது. மூன்று தடவை தோற்றேன்.

"பெரிய துண்ட மொதல்ல வை, அவசரக்குடுக்கை!"

சிரித்துவிட்டேன். பெட்டியின் மெமரி கார்டில் இருந்த மற்றதையும் அலசினேன். எல்லாம் அவள் எழுதியதுதான்.

"கேம் உன்னோடது. படம் அடுத்தவனோடது. நீயே ஒண்ணு வரைஞ்சு மாத்திட்டு உள்ள போ."

அவள் போன பிறகுதான் உறைத்தது. காலையில் முதலில் வந்த சமையல்காரரை, முகப்பில் ஒட்டியிருந்த கடை கேமின் படத்தை மட்டும் பார்த்தே துரத்தியிருந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. பதிவேட்டில் நம்பரைத் தேடி அழைத்தேன்.

"தப்பு என்னோடதுங்க. தொறந்தே பாக்கல. திரும்பி வாங்க."

"பஸ்ஸுலயே எல்லாத்தையும் அழிச்சுட்டேம்மா."

"என்ன கேமுங்க அது?" என்று கேட்டேன்.

"இதக் காலைல கேட்டிருக்கலாமே," என்றார்.