தவளையின் வாயில் உப்பு

மத்னசார் கொட்டகை ஆணியிலிருந்து தவளையை எடுத்தபோது அதைச் சுற்றிச் சிலந்தி கூடு கட்டியிருந்தது. கட்டைவிரல் பருமனில் ஒரு பித்தளைக் குழல். மேல்பக்கம் அடைப்பு, கீழ்ப்பக்கம் திறப்பு, கவிழ்த்துவைத்த சின்னக் கிண்ணம் மாதிரி. தலையில் அளவு குறித்த எஃகு நாடா கோத்திருக்கும். நிலத்தடி நீரின் ஆழம் பார்ப்பதற்காக வயலோரங்களில் இறக்கிவைத்திருக்கும் இரும்புக் குழாய்களுக்குள் இதை மெல்ல விடவேண்டும். வாய் தண்ணீரைத் தொடும் நொடியில் ஆழத்திலிருந்து 'ப்ளக்' என்று ஒரு சத்தம் வரும். அந்த நொடியில் நாடாவில் என்ன அளவோ அதுதான் கணக்கு. அவர் வேலைபார்த்த பாசன அலுவலகத்தின் தாள்களில் அதற்கு வாயில் நுழையாத ஒரு ருஷ்யப் பெயர் இருந்தது. தவளை என்று பெயர் வைத்தவள் அவர் மனைவி இனோபத். நீரின் உப்பைச் சோதிக்கும் வேலைக்கு நமன்கான் பக்கத்து மலையூரிலிருந்து இந்தக் கொரேஸ்ம் சமவெளிக்கு வந்த முதல் வாரத்திலேயே அவள் வைத்த பெயர் அது.

சாம்பல் தொட்டுப் பித்தளையைத் தேய்த்தார். உள்ளறையில் ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்த இனோபத்துக்குச் சத்தம் கேட்டிருக்க வேண்டும்.

"பாட்டில் எடுத்துக்கிட்டீங்களா?" என்றாள்.

"ஊமைக் குழாய்க்கு எதுக்குடி பாட்டில்?"

அவள் சிரித்தது கேட்டது. சிரிப்பு முடிவதற்குள் மூச்சு முடிந்துவிட்டது. சிறுநீரகம் இரண்டும் சுருங்கிவிட்டன என்று மாவட்ட மருத்துவர் சொல்லியிருந்தார். கசானில் வேலை பார்க்கும் மகன் வெள்ளிதோறும் கூப்பிட்டு, தாஷ்கெண்டுக்குக் கொண்டுபோங்கள் என்பான். தாஷ்கெண்டிலும் அதையேதான் சொன்னார்கள். இதை இருவரும் அவனிடம் சொல்லவில்லை.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. குளிர்காலம் முடியும் முன், ஒருநாள் தேநீரை ஊதிக்கொண்டே கேட்டாள். "என்னை மண்ணுக்குள்ள வைங்க."

கொரேஸ்மில் இறந்தவர்களை மண்ணுக்குள் வைப்பதில்லை. எந்த இடத்தில் தோண்டினாலும் ஆள் இடுப்பளவில் தண்ணீர். அதனால் தரைக்குமேல் செங்கல்லும் களிமண்ணுமாக நீளக் கூண்டு கட்டி, மையித்தை உள்ளே விட்டு வாயை அடைத்துவிடுவார்கள். மத்னசாரின் அப்பா, அப்பாவின் அப்பா எல்லோரும் அப்படித்தான் ஊர் மையவாடியில் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். அவருக்கு அதில் விசித்திரம் ஏதுமில்லை. இனோபத் முதன்முதலாகப் பேருந்து ஜன்னல் வழியே அதைப் பார்த்தபோது, ஏதோ ஒரு கிராமத்துக்கே சேர்த்து ரொட்டி அடுப்புகள் கட்டிவைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாளாம். விஷயம் தெரிந்த பிறகும் அந்தக் கேலியை அவள் விடவில்லை. "உங்க ஆளுங்க செத்தவங்கள ரொட்டி மாதிரி அடுப்புல ஒட்டி வெக்கிறாங்க." "உங்க ஆளுங்க மட்டும்? கெழங்கு மாதிரி பொதைக்கிறாங்க," என்பார் இவர். நாற்பது வருடக் கேலி. அது கேலி மட்டும் இல்லை என்பது அந்தத் தேநீர்க் கோப்பைக்குப் பின்னால் அவள் முகத்தைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

"ஊருக்குக் கொண்டுபோக வேணாம்," என்றாள் அவளே. "பொணத்த ரயில்ல ஏத்திக்கிட்டு ஊர் ஊரா அலையாதீங்க. இங்கயே. ஆனா காஞ்ச மண்ணா பாருங்க. உங்களுக்குத் தெரியாத மண்ணா?"

தெரியும். கணவன் குழாய் குழாயாக நீரின் ஆழத்தை எடுத்துவர, மனைவி புட்டி புட்டியாக அதே நீரின் உப்பைச் சொல்ல, ஆயுளையே அதில் கழித்தவர்கள் அவர்கள். மாவட்டம் முழுவதிலும் காய்ந்த மண் என்று ஒரே ஓர் இடம்தான் இருந்தது. தெற்கே, பருத்தி வயல்கள் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் ஒரு மேடு. அதன் உச்சியிலிருந்த குழாயில் எத்தனை மீட்டர் விட்டாலும் தவளை சத்தம் எழுப்பியதே இல்லை. அதனால் அதற்கு ஊமை என்று பெயர். மேட்டின் மறுசரிவில் பழைய ஆட்டுக்காரர்களின் நாலைந்து கபர்க்குழிகள் உண்டு. அவை மண்ணுக்குள் இருந்தன.

இன்றே போகவேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். விதைப்புக்கு முன் உப்புப் போக வயல்களில் தண்ணீர் தேக்கி, வடித்து முடித்திருந்த நேரம். வருடத்தில் நிலத்தடி நீர் இதைவிட மேலே வராது. இன்று காய்ந்திருந்தால் என்றைக்கும் காய்ந்திருக்கும்.

*

காரை ஓட்டியவர் ரூசிம்பாய். அலுவலக ஜீப்பின் பழைய ஓட்டுநர். இப்போது சொந்தமாக ஒரு பொட்டி கார் வைத்துக்கொண்டு சந்தைக்கு ஆள் ஏற்றுகிறார்.

"அண்ணே, ஓய்வு வாங்கி ஆறு வருசமாச்சு. இன்னும் தவளை புடிக்கிறேன்னு கெளம்புறியே. சம்பளம் யாரு குடுக்கிறா?"

"நீ ரோட்டைப் பாரு."

"ரோடு இருந்தாத்தானே பாக்க! பழைய ஜீப்பு இந்தப் பள்ளத்துல ஆடு மாதிரி தாவும். இது கர்ப்பிணி மாதிரி நோகுது." சற்று நேரம் கழித்து, "அண்ணி எப்படி இருக்காங்க?" என்றார்.

மத்னசார் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வடிந்த வயல்கள் ஈரமாகக் கறுத்திருந்தன. வரப்புகளின் முதுகில் மட்டும் வெள்ளை பூத்திருந்தது. இனோபத் கண்ட முதல் மார்ச் மாதத்தில், காலையில் கதவைத் திறந்தவள், "பனி பெஞ்சிருக்கு!" என்று செருப்புக்கூட இல்லாமல் ஓடினாள். வயல் நடுவில் நின்று குனிந்து ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்தாள். திரும்பி வந்தாள். அன்று முழுவதும் பேசவில்லை. அவளுடைய ஊரில் பனி உருகினால் பாதாம் பூக்கும். இங்கே உருகாத உப்புப் பனி. அந்த மௌனத்தை அப்போது அவர் கோபம் என்று நினைத்து, மன்னிப்புக் கேட்க எதுவும் கிடைக்காமல், சந்தையில் ஒரு பை பாதாம் வாங்கிவந்து மேசைமேல் வைத்தார். அவள் ஒன்றொன்றாக உடைத்துத் தின்றுகொண்டே அழுதாள். கல்யாணம் ஆகாத காலம் அது.

நாக்கில் வைக்கும் பழக்கம் அப்படித்தான் தொடங்கியிருக்க வேண்டும். பிறகு நாடு உடைந்து, ஆய்வகத்துக்குச் சோதனை மருந்து எதுவும் வராத இரண்டு வருடங்களில் அவள் நுனிநாக்கை வைத்தே உப்பைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதிக்குப் பாதி தப்பாகவும் போகும். அறிக்கையில் பென்சிலால் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுவாள். மாலையில் இவர் வீடு திரும்பியதும், "தவளை என்ன சொல்லிச்சு?" என்பாள். இவர் ஆழத்தைச் சொல்வார். அவள் உப்பைச் சொல்வாள். பிறகுதான் சோறு. மற்ற வீடுகளில் கணவனும் மனைவியும் எதைப் பேசிக்கொள்வார்கள் என்று அவருக்குச் சில சமயம் தோன்றியதுண்டு.

ஊமைக்கு அவள் ஒரே ஒருமுறை வந்திருக்கிறாள். காய்ந்த குழாயில் அவளுக்கு என்ன வேலை? பார்க்கவேண்டும் என்றாள். வந்து, மேட்டின் உச்சியில் மல்லாந்து படுத்துக்கொண்டாள். தலைமுடியில் மணல் ஏறியது. "எங்க ஊர் மண்ணு மாதிரி இருக்கு," என்றாள். "ஈரம் முதுகுல ஏறல." இவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். படுக்கலாமா என்று யோசித்து, ரூசிம்பாய் ஜீப்பிலிருந்து பார்ப்பானே என்று உட்கார்ந்தபடியே இருந்துவிட்டார். படுத்திருக்கலாம்.

*

மேடு இருந்தது. குழாயும் இருந்தது, மூடி துருவேறி, பக்கத்து முட்செடியில் ஆட்டு ரோமம் சிக்கி. ஆனால் மேட்டுக்குக் கீழே வடக்குப் பக்கம் முழுக்கத் தண்ணீர் மின்னியது. யாரோ மேட்டின் தோளுயரத்துக்குக் கரை எழுப்பி மீன்குளம் கட்டியிருந்தார்கள். ஒன்றல்ல, அடுத்தடுத்து நான்கு. கரையில் ஒரு தகரக் கொட்டகை, வலை உலர்த்தும் கம்புகள், குரைக்காமல் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாய்.

"இது எப்ப வந்துச்சு?" என்றார் ரூசிம்பாய். "அடேயப்பா, கெண்டை வாங்கிட்டுப் போலாம்ணே. அண்ணிக்கு வறுத்துக் குடு."

மத்னசார் குழாயருகே குந்தினார். மூடியைத் திருகிக் கழற்றி, தவளையை உள்ளே விட்டார். நாடா விரல்களுக்கிடையே வழுக்கி இறங்கியது. மணலுக்குள் நீர் நடப்பது எப்படியென்று அவருக்குப் பாடமாகத் தெரியும். ஒரு குளம் தன் கரைக்குள் நிற்பதில்லை. ஆனாலும் மேடு உயரமானது, குளம் புதியது, இடையில் ஒரு களிமண் படுகை இருந்தாலும் இருக்கலாம். இத்தனை வருடம் எத்தனையோ குழாய்களில் அந்தச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டியவர், இன்று முதன்முதலாக அது வரக்கூடாது என்று காதைத் தீட்டினார். காது கொஞ்சம் மந்தமாகி இருந்தால்கூடத் தேவலை.

ப்ளக்.

"அட! ஊமை பேசுதே!" ரூசிம்பாய் தொடையில் தட்டிச் சிரித்தார். "நாப்பது வருசத்துக்கப்பறம் வாயத் தொறந்திருக்கு. அண்ணிகிட்ட சொன்னா..."

அவர் மத்னசாரின் முகத்தைப் பார்த்தார். பிறகு மறுசரிவிலிருந்த ஆட்டுக்காரர்களின் கபர்களைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

மத்னசார் மேலே இழுத்தார், மறுபடி விட்டார். மறுபடியும் ப்ளக். ஒரு மீட்டர் அறுபது. அவள் ஊரில் கபர் தோண்டும் ஆழம் கிட்டத்தட்ட அதுதான். அதற்கு மேலேயும் ஈரம் மண்ணில் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் ஏறியிருக்கும். அக்டோபரில் வந்து பார்த்தால் இறங்கியிருக்கும். அக்டோபர் கணக்கைச் சொல்லலாம், அதுவும் கணக்குதான். ஆனால் யார் அக்டோபரைத் தேர்ந்தெடுத்துச் சாகிறார்கள்?

வெகுநேரம் குழாயின் அருகில் உட்கார்ந்திருந்தார். காற்று மணலை நகர்த்திக்கொண்டிருந்தது. கீழே குளத்தில் ஒரு மீன் துள்ளி விழுந்தது. அதுவும் அதே சத்தம்தான்.

"போலாமா அண்ணே," என்றார் ரூசிம்பாய் தாழ்ந்த குரலில். "அண்ணி தேடுவாங்க."

நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டார். வேலை முடிந்ததும் தவளையை நல்ல தண்ணீரில் அலசித் துடைத்த பிறகே பைக்குள் போடவேண்டும். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு அவர் முதலில் சொல்லித்தருவது அதைத்தான். குடிநீர் காரிலேயே இருந்தது. அன்று அது அவர் நினைவுக்கு வரவில்லை. பையின் வாய் திறந்து கிடக்க, காரின் ஜன்னல்கள் திறந்து கிடக்க, வழியெல்லாம் உலர்ந்த காற்று வீசிக்கொண்டே வந்தது.

*

இனோபத் தலையணையை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். தலைமுடியை வாரி, வெள்ளைத் துணி கட்டியிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே, அடுத்த வீட்டு மருமகள் தன் முற்றத்து ரொட்டி அடுப்பில் பருத்திமாறு போட்டு எரித்துக்கொண்டிருந்தாள்.

"தவளை என்ன சொல்லிச்சு?"

வரும் வழியெல்லாம் இதற்குத்தான் அவர் சொற்களை எடுத்துப் பார்த்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தார்.

"வாயத் தொறக்கல," என்றார்.

"தொறக்கலயா?"

"ஏழு மீட்டர் விட்டேன். காஞ்சு கெடக்கு."

"மேடு அப்படியே இருக்கா?"

"அப்படியேதான். ஆட்டு மசுரு, முள்ளு."

அவள் முகம் தளர்ந்தது. ஏதோ ஒரு கட்டு உள்ளே அவிழ்ந்தமாதிரி. அதைப் பார்க்கத்தான் அவர் அவ்வளவு தூரம் வந்திருந்தார். பார்த்ததும் பார்க்க முடியவில்லை. தேநீர் போடுகிறேன் என்று எழுந்து கெண்டியை அடுப்பில் வைத்தார்.

"அதைக் குடுங்க. கையில எடுத்து எவ்வளவு காலமாச்சு."

கொடுக்காமல் இருக்கக் காரணம் தோன்றவில்லை. பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் தவளையை உள்ளங்கையில் வைத்து உருட்டினாள். வெளிப்புறம் காலையில் தேய்த்த பளபளப்பு அப்படியே இருந்தது. கவிழ்த்து வாயைப் பார்த்தாள். விளிம்பைச் சுற்றி உள்பக்கமாக, நூல்போல, வட்டமாக ஒரு வெள்ளைக் கோடு.

மத்னசாரும் அப்போதுதான் அதைப் பார்த்தார். நின்ற இடத்திலேயே நின்றார்.

அவள் ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு மெல்லச் சுற்றினாள். விரலை நாக்கில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். ஆய்வக மேசைக்குப் பின்னால் நின்று, வெள்ளை அங்கியின் கை மடிப்பில் பென்சிலைச் செருகிக்கொண்டு, எத்தனையோ மாலைகளில் அவள் கண்ணை மூடியதை அவர் பார்த்திருக்கிறார். அப்போதெல்லாம் அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே புட்டிகளைச் சற்று முன்னதாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். கெண்டி அடுப்பின்மேல் முனகத் தொடங்கியது. இருவரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அது கொதித்து, மூடி ஆடி, யாரும் இறக்காததால் அடங்காமல் ஆடிக்கொண்டே இருந்தது.

"லிட்டருக்கு நாலு கிராம் இருக்கும்," என்றாள் கடைசியில், கண்ணைத் திறக்காமல். "கொஞ்சம் கசக்குது."

அவர் கெண்டியை அடுப்பிலிருந்து இறக்கினார்.

"உங்க முறை," என்றாள்.

"ஒண்ணு அறுபது."

அவள் தலையை ஆட்டினாள். அதை எங்கோ எழுதிக்கொண்டவள்போல. பக்கத்தில் கேள்விக்குறி போட்டாளா என்று தெரியவில்லை. தவளையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். அடுத்த வீட்டு மருமகள் நெருப்பு தணிந்த அடுப்பின் வாய்க்குள் தோள்வரை குனிந்து, ஈரக்கையால் சுவரில் ரொட்டியை அறைந்து ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு அறைக்கும் களிமண் உள்ளிருந்து மெத்தென்று ஒரு பதில் சொன்னது.

"உள்ள கதகதப்பாத்தான் இருக்கும், இல்ல?" என்றாள் இனோபத்.

அவர் கட்டிலில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, யாரும் பார்க்கிறார்களா என்று பார்க்காமல், அவளருகே மெல்லச் சாய்ந்து படுத்தார். வெளியே அந்தப் பெண் கடைசி ரொட்டியையும் ஒட்டிவிட்டு, முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, ஈரச் சாக்கை எடுத்து அடுப்பின் வாயை மூடினாள். சாக்கின் ஓரங்களிலிருந்து ஆவி மெலிதாகக் கசிந்து, மாலை வெயிலில் சற்று நேரம் நின்றது.